மொரிஷியஸ் கடலுக்கு முன்னால் நான் நின்ற வரிசைகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இருந்துகொண்டு கடற்கரை பார்க்க மொரிஷியஸ் போகிறேன் என்றால் யாருக்கும் சிரிப்புதான் வரும். என் மாமியார் சிரித்தே விட்டார். "இங்க கடல் இல்லையா?" என்று தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார். இருக்கிறது, ஆனால் நம் கடல் அலை போட்டுப் புரட்டும், சுறா வலை போட்ட இடத்தில்தான் குளிக்கலாம், எட்டு வயதுப் பெண்ணைக் கையை விட்டு ஒரு நிமிடம் இறக்க முடியாது. மொரிஷியசில் தீவைச் சுற்றிப் பவளப்பாறை, உள்ளே குளம் மாதிரித் தண்ணீர். அதுதான் ஆசை. ஆசைக்கு நான் கொடுத்த விலை மூன்று மாத அலைச்சல். பணத்தில் இல்லை, பெயரில்.

முதலில் இடம். ஜூலைப் பள்ளி விடுமுறைக்குத் தேடினால் கிழக்குக் கரையில், பெல் மார் பக்கம், விடுதிகள் வியப்பாக மலிவு. உடனே அமுக்கிவிடாதீர்கள். ஜூலை அங்கே குளிர்காலம், தென்கிழக்குக் காற்று நேராக அந்தக் கரையில்தான் மோதும். மணல் கண்ணில் விழும் விடுமுறைக்குத்தான் அந்தத் தள்ளுபடி. மேற்கே ஃப்ளிக் அன் ஃப்ளாக், வடக்கே த்ரூ ஓ பிஷ், மோன் ஷ்வாசி இதெல்லாம் மலை மறைவிலோ காற்று அடங்கிய பக்கத்திலோ இருப்பவை. நாங்கள் ஃப்ளிக் அன் ஃப்ளாக் எடுத்தோம். டிசம்பர் விடுமுறைக்குப் போகிறவர்கள் நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயல் காலம் என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், ரத்து செய்தால் பணம் திரும்பும் அறையாகப் பாருங்கள்.

இடம் முடிந்தது, டிக்கெட் போட்டேன். தொல்லை அங்கேதான் தொடங்கியது.

நான் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெண். கல்யாணமாகி இங்கே வந்து பதினைந்து வருடத்துக்கு மேல் ஆகிறது, நிரந்தர வசிப்பு உரிமை இருக்கிறது, ஆனால் இந்தியா இரட்டைக் குடியுரிமை தராது என்பதால் இன்னும் இந்திய பாஸ்போர்ட்தான். அதில் குடும்பப் பெயர் என்ற இடம் காலி. என் பெயரும் அப்பா பெயரும் சேர்ந்து ஒரே வரியில் கிடக்கின்றன. நம் ஊரில் யாருக்குக் குடும்பப் பெயர் இருக்கிறது? டிக்கெட் போடும் இணையதளமோ அந்தக் கட்டம் நிரப்பாமல் நகராது. இரவு பதினொரு மணி, தூக்கக் கலக்கம், பிள்ளைகள் பெயருக்குப் போட்ட மாதிரியே எனக்கும் 'மூட்லி' என்று வீட்டுக்காரர் பெயரைப் போட்டு, பணமும் கட்டிவிட்டேன்.

இந்த மூட்லியே ஒரு குமாஸ்தாவின் கைவண்ணம்தான். 1860 நவம்பரில் சென்னையிலிருந்து வந்த ட்ரூரோ கப்பலில் தொடங்கி, கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் பெயரை எழுதியவருக்குக் காதில் எப்படி விழுந்ததோ அப்படி. முதலி மூட்லி ஆனார், நாயுடு நாய்டூ ஆனார், பிள்ளை பில்லே ஆனார். அந்தக் காலத்துக் கதை என்று நினைத்திருந்தேன்.

இரண்டு வாரம் கழித்து, இருக்கை எண் பார்க்கலாம் என்று உள்ளே போனபோதுதான் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர் இருக்க வேண்டும் என்ற வரி கண்ணில் பட்டது. விமான நிறுவனத்தைக் கூப்பிட்டால், நீங்கள் இணையதளத்தில் வாங்கினீர்கள், அவர்களைக் கேளுங்கள் என்றார்கள். இணையதளத்தைக் கூப்பிட்டால், பெயரெல்லாம் விமான நிறுவனத்தின் கையில் என்றார்கள். இப்படி நான்கு நாள். ஒருவர் மட்டும் தெளிவாகச் சொன்னார், பெயர் மாற்றம் கிடையாது, வேண்டுமானால் புது டிக்கெட் வாங்குங்கள் என்று. ஐந்தாம் நாள் எடுத்த பெண்ணிடம் நான் 'மாற்றம்' என்ற சொல்லையே விட்டுவிட்டு, 'திருத்தம்' என்றேன். ஆள் அதேதான், கல்யாணச் சான்றிதழ் அனுப்புகிறேன், பாஸ்போர்ட்டில் உள்ளபடி ஆக்கிக் கொடுங்கள் என்றேன். இருபது நிமிடத்தில், சின்னக் கட்டணத்தோடு முடிந்தது! பேசும் சொல்லில்தான் இருக்கிறது போல. குடும்பப் பெயர் இல்லாத பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் டிக்கெட் போடுவதற்கு முன்பே நிறுவனத்தைக் கேட்டுவிடுங்கள், சிலர் பெயரைப் பிரித்துப் போடச் சொல்வார்கள், சிலர் ஒரே பெயரை இரண்டு கட்டத்திலும் போடச் சொல்வார்கள். இடைத்தரகர் தளத்தில் வாங்காதீர்கள், நூறு இருநூறு ராண்ட் மிச்சம் பிடித்து நான்கு நாள் போனைக் காதில் வைத்துக்கொண்டிருப்பீர்கள்.

அப்புறம் மகனின் பிறப்புச் சான்றிதழ். பிள்ளைகளோடு இந்த நாட்டை விட்டு வெளியே போகிறவர்களுக்கு 2015லிருந்து இது பழகிய தலைவலி, பிள்ளைக் கடத்தலைத் தடுக்கக் கொண்டுவந்தது, அதைக் குறை சொல்லவில்லை. பெற்றோர் விவரம் உள்ள முழுச் சான்றிதழ், இங்கே எல்லோரும் 'அன்அப்ரிட்ஜ்ட்' என்று சொல்வது, அதுதான் வேண்டும். 2013 மார்ச் 4க்குப் பிறகு பதிவானால் அதையே கொடுத்துவிடுகிறார்கள், மகளுக்கு இருந்தது. மகன் 2012. அவனுக்குக் கையில் இருந்தது சின்னச் சான்றிதழ், அதில் அம்மாவும் இல்லை அப்பாவும் இல்லை.

75 ராண்ட் கட்டி உள்துறை அலுவலகத்தில் விண்ணப்பித்தேன். பணம் பெரிதில்லை. முதல் தடவை போனால் 'சிஸ்டம் ஆஃப்லைன்'. காலை ஆறரைக்கு வரிசையில் நின்று, பதினொன்றுக்கு ஒருவர் வெளியே வந்து சொல்லிவிட்டுப் போனார். இரண்டாம் தடவையும் அதே. மூன்றாம் தடவை சிஸ்டம் இருந்தது, கவுண்டரில் ஆள் இல்லை, மதியச் சாப்பாடு. விண்ணப்பத்தை வாங்கிக்கொண்ட பிறகும் ஆறு வாரம் என்றது பத்து வாரம் ஆனது.

வந்த தாளைப் பிரித்துப் பார்த்துத் தலையில் கை வைத்தேன். தாயின் பெயர் என்ற இடத்தில் முதலில் என் அப்பா பெயர், குடும்பப் பெயராக என் பெயர். அதாவது என் மகனைப் பெற்றெடுத்தது என் அப்பா! இதில் பாதிக் குற்றம் என்னுடையது, ஒத்துக்கொள்கிறேன். நம் வழக்கப்படி இனிஷியல் முன்னால்தானே வரும். பிரசவ வார்டில் இனிஷியலை விரித்து எழுதச் சொன்னபோது அரை மயக்கத்தில் அதே வரிசையில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அவர்கள் அதை அப்படியே ஏற்றிவிட்டார்கள்.

திருத்த விண்ணப்பித்தால் மாதக்கணக்காகும். பயணத்துக்கு இருந்தது பதினேழு நாள். அதனால் "இந்தப் பெயரும் அந்தப் பெயரும் ஒரே ஆள், அது நான்தான்" என்று ஒரு அஃபிடவிட். காவல் நிலையத்தில் போட்டுக் கொடுப்பார்கள், காசு கிடையாது. அதே கையோடு எல்லா நகலுக்கும் முத்திரை வாங்கிவிடலாம் என்று போனேன்.

இது போதாதென்று, வீட்டுக்காரருக்கு வேலையில் ஷிப்ட் மாற்றிவிட்டார்கள், எங்களுக்கு இரண்டு நாள் கழித்துத்தான் வர முடியும் என்றார். அவருக்கு இது சின்னச் செய்தி. எனக்கு இன்னொரு தாள். அப்பா கூட வராவிட்டால் அவருடைய சம்மதக் கடிதம் வேண்டும், அவருடைய அடையாள அட்டையின் முத்திரையிட்ட நகலும் வேண்டும். சனிக்கிழமை இருவரும் போனோம். ஒன்றரை மணி நேரம் வரிசை. முறை வந்ததும் கேட்டார்கள், அசல் அட்டை எங்கே? இவர் நகலை மட்டும் எடுத்து வந்திருந்தார். அசலைப் பார்க்காமல் நகலில் முத்திரை போட மாட்டார்கள், அவர்கள் செய்தது சரிதான், ஆனாலும் திரும்பி வந்த வழியெல்லாம் நான் அவரோடு பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை மறுபடி. அன்று எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்து பார்த்தால் ஒரு தாளில் முத்திரை இருக்கிறது, கையெழுத்து இருக்கிறது, தேதி இல்லை. மூன்றாவது தடவை. கவுண்டரை விட்டு நகர்வதற்கு முன் ஒவ்வொரு தாளிலும் தேதி இருக்கிறதா என்று விரலை வைத்துப் பாருங்கள். பின்னால் நிற்பவர் முறைப்பார், முறைக்கட்டும்.

மொரிஷியஸ் பக்கம் பெரிய வேலை ஒன்றுமில்லை. முன்கூட்டி விசா வேண்டாம், திரும்பும் டிக்கெட்டும் தங்குமிடச் சீட்டும் கையில் இருக்க வேண்டும், இணையத்தில் ஒரு பயணப் படிவம், பத்து நிமிடம். என்னைப் போல இந்திய பாஸ்போர்ட்டோடு இங்கே வசிப்பவர்கள் நிரந்தர வசிப்புச் சான்றிதழின் அசலைப் பெட்டியில் போடாமல் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பி வரும்போது அங்கே விமானம் ஏற்றுகிறவர்கள் முதலில் கேட்டது அதைத்தான்.

ஜோகன்னஸ்பர்க்கில் விமானம் ஏறும் நாள் வந்தது. கவுண்டரில் இருந்த அம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சம்மதக் கடிதத்தை ஒரு வரி விடாமல் படித்தார். அடையாள அட்டை நகலைத் திருப்பிப் பார்த்தார். தேதியைப் பார்த்தார், நல்லவேளை. மகளின் சான்றிதழ், சரி. மகனின் சான்றிதழை எடுத்தார். எனக்கு வயிறு கலங்கியது, அஃபிடவிட்டை உருவித் தயாராக நீட்டினேன். அவர் மகனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "உங்க மூக்கு அப்படியே இருக்கு" என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்துவிட்டு, சீட்டைக் கொடுத்து அனுப்பிவிட்டார். அஃபிடவிட்டை அவர் தொடக்கூட இல்லை.

தீவைப் பற்றிச் சொல்ல எல்லோரும் இருக்கிறார்கள், நான் விட்டதை மட்டும் சொல்கிறேன். நம் தடித்த மூன்று உருண்டை முள் பிளக் அங்கே எதிலும் நுழையாது, அடாப்டர் இங்கிருந்தே வாங்கிப் போங்கள். தண்ணீருக்குள் போட ரப்பர்ச் செருப்பு எல்லோருக்கும் வேண்டும், கடலடியில் முள்ளெலி மாதிரி உருண்டையாகக் கிடக்கும் கடல் முள்ளி காலில் ஏறினால் விடுமுறை அன்றோடு முடிந்தது. விமான நிலையம் தென்கிழக்கில், விடுதி மேற்கில், ஒரு மணி நேர வழி, டாக்ஸிக் கட்டணத்தை ஏறுவதற்கு முன் பேசிவிடுங்கள். அங்கே கடையில் மீதி கொடுத்த ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இருந்தது, மகன் எழுத்துக் கூட்டிப் படித்தான். அதற்கே போகலாம்.

வீட்டுக்காரர் இரண்டு நாள் கழித்து ஒரு தோள்பையோடு வந்து இறங்கினார். அவரிடம் யாரும் ஒரு தாளும் கேட்கவில்லையாம்.

மகனின் சான்றிதழைத் திருத்த ஊர் திரும்பிய வாரமே விண்ணப்பித்துவிட்டேன். போன வாரம் போய்க் கேட்டேன், சிஸ்டம் ஆஃப்லைன்.