உருளைக்கிழங்கு வரைந்த கதை

ஜூன் 3

கிரீன் தேற்றத்துக்கு (மூடிய எல்லையைச் சுற்றிய தொகையீட்டை உள்ளிருக்கும் பரப்பின் தொகையீட்டோடு இணைப்பது) வகுப்புக் குறிப்பு தட்டிக்கொண்டிருக்கிறேன், கணக்கு எழுத உதவும் லேடெக் மென்பொருளில். பரப்பைக் காட்ட, கரும்பலகையில் ஒரே இழுப்பில் போடுகிற உருளைக்கிழங்கு வடிவம் ஒன்று வேண்டும், அவ்வளவுதான். லேடெக்கில் கட்டளைகளால் படம் வரையும் டிக்ஸில் (TikZ) பெசியே வளைவுத் துண்டுகளாக எழுதினேன். துண்டுக்கு இரண்டு கட்டுப்பாட்டுப் புள்ளிகள்; முனையிலிருந்து அவற்றுக்குப் போகும் கோடுதான் கைப்பிடி, வளைவை இழுத்து வளைப்பது. ஐந்து துண்டுக்குப் பத்து. துண்டுகள் சேரும் இடத்தில் இரு பக்கக் கைப்பிடிகளும் ஒரே கோட்டில் இல்லையென்றால் மூலை துருத்துகிறது. துருத்தியது.

ஜூன் 4

டிக்ஸில் ‘ஸ்மூத் சைக்கிள்’ என்ற கட்டளை போட்டால், வளைவரை கடக்கவேண்டிய புள்ளிகளை மட்டும் கொடுத்தால் போதும். ஆறு கொடுத்தேன், வந்துவிட்டது. இடப்பக்கம் சற்றுத் தட்டையாகத் தெரியவே, இருந்த புள்ளிக்குப் பக்கத்திலேயே இன்னொன்றைச் செருகினேன். அந்த இடம் புடைத்துக்கொண்டது. எட்டிப் பார்த்த மகள், “மாங்காயாப்பா?” என்றாள்.

ஜூன் 5

காரணம் பிடிபட்டது. ஒரு புள்ளியில் வளைவரை போகும் திசையை, அதன் முன்பின் புள்ளிகளை இணைக்கும் கோட்டை வைத்தே டிக்ஸ் முடிவு செய்கிறது. கைப்பிடியின் நீளமும் அந்தக் கோட்டைப் பொறுத்ததுதான். இரு பக்கமும் ஒரே அளவு. முந்தைய புள்ளி தொலைவில், அடுத்தது ஒட்டினாற்போல் என்றால், குட்டித் துண்டுக்கும் நெடுங்கை கிடைத்துவிடும். புடைக்காமல் என்ன செய்யும்?

வளைவின் உருட்சியை மாற்றும் ‘டென்ஷன்’ (இழுவிசை) என்ற எண் இயல்பாக 0.55. அதை 1 ஆக்கி, வட்டத்தின் கால்வாசி இடங்களில் நான்கு புள்ளிகள் கொடுத்தால் வட்டமே வருகிறது. கூட்டினால் உருண்டை, குறைத்தால் கூர்மை. மெட்டாபோஸ்ட் என்ற இன்னொரு பட மொழியில் நேர் தலைகீழ்: டென்ஷன் கூடினால் வளைவு விறைக்கும். பெயருக்கு அதுதான் பொருத்தம்.

ஜூன் 7

புள்ளிகள் வழியே வளைவரை போடும் ஹாபி முறைக்கு மாறினேன். லேடெக்குக்கு அடிப்படையான டெக்கை உருவாக்கிய டொனால்ட் குனுத்தின் மாணவரான ஜான் ஹாபி 1986ல் வெளியிட்டது. மெட்டாபோஸ்ட்டும் அவர் செய்ததே. டிக்ஸுக்குக் கொண்டுவந்தவர் ஆண்ட்ரூ ஸ்டேசி. எல்லாப் புள்ளிகளையும் சேர்த்து எடுத்துச் சமன்பாடுகளைத் தீர்த்து, ஒவ்வொரு புள்ளியிலும் இரு பக்க வளைமையும் (எவ்வளவு வளைகிறது என்பதும்) ஏறத்தாழ ஒத்துப்போகும்படி திசையை அமைக்கிறது. ஒன்றை நகர்த்தினால் எதிர்ப்பக்கமும் மயிரிழை அசையும். அதே ஏழு புள்ளிகளைக் கொடுத்தேன், புடைப்பு அடங்கியது. அப்புறம் இரண்டைத் தூக்கிவிட்டேன், இன்னும் நன்றாக இருந்தது. செருகியே காலத்தை வீணாக்கியிருக்கிறேன்.

ஜூன் 8

எல்லையில் அம்புக்குறி போட்டால் வலஞ்சுழியாக ஓடுகிறது. தேற்றத்துக்கு வேண்டியது இடஞ்சுழி; இப்படி விட்டால் விடையின் கூட்டல் கழித்தல் குறியே மாறிவிடும். புள்ளிகளை அந்த வரிசையில் கொடுத்தது நான்தான். திருப்பி எழுதினேன். மகளிடம் காட்டினேன். “சேனைக்கிழங்கு” என்கிறாள். சரி, கிழங்குவரை வந்தாயிற்று.