நுங்கில் ஒரு ச ரி க ம

நேற்று பாளையங்கோட்டை வீட்டில் அண்ணன் மகள் ஐந்து நுங்கை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் கிளிப் மாட்டி, மேக்கி மேக்கி என்ற சின்ன மின்னணுப் பலகை வழியாக லேப்டாப்பில் இணைத்து வாசித்துக் காட்டினாள். "சித்தப்பா, எர்த் வயரை விட்டுராதீங்க" என்றாள். பலகையிலிருந்து வரும் அந்த வயர் ஒரு கையில் இருந்தால்தான் மறுகையால் நுங்கைத் தொட்டதும் நம் உடம்பு வழியாகவே மின்சுற்று முழுமையாகும், பலகையில் மின்சாரத்தை வெகுவாகக் குறைக்கும் 22 மெகாஓம் மின்தடை இருப்பதால் நமக்கு ஷாக் ஒன்றுமே தெரியாது, லேப்டாப்புக்கோ அது கீபோர்டில் ஒரு தட்டு, அவ்வளவுதான். இந்தப் பலகை 2012இல் அமெரிக்காவின் எம்ஐடி மீடியா லேப் மாணவர்கள் இருவர் கொண்டுவந்தது. ஈரமோ உலோகமோ வேண்டும், காய்ந்த பனையோலை விசிறி பேசவே இல்லை. அப்புறம் அம்மாவின் பித்தளைச் செம்பை மாட்டினோம், தொட்டதும் மிருதங்கம்! நெல்லையப்பர் கோயில் இசைத்தூணில் காது வைத்துக் கேட்ட வயசு ஞாபகம் வந்துவிட்டது. அம்மா ஈரக்கையோடு இன்னும் செம்பைத் தட்டிக்கொண்டிருக்கிறாள்.