பாம்பு வந்த நேரம்

தியேட்டரில் விளக்கு எரிந்த பிறகுதான் மகள் என் கையை விட்டாள். மணிக்கட்டில் அவள் விரல்தடம் அப்படியே சிவந்திருந்தது. ஜூட்டோபியா 2 கார்ட்டூன் படத்தில் பாம்பு வந்ததும் பிடித்த பிடி!

2016-இல் முதல் பாகம் வந்தபோது இவள் பிறக்கவே இல்லை. அண்ணன்காரன் என் மடியில் உட்கார்ந்து பார்த்தான்.

அந்த முதல் பாகத்தில், விலங்குகள் வாழும் ஜூட்டோபியா நகரத்தில் பாலூட்டிகள் மட்டும்தான், ஊர்வன ஒன்றுகூட இல்லை. எனக்கு அது உறைக்கவே இல்லை. ஒருத்தர் இல்லாததைக் கவனிக்காமலே எவ்வளவு ரசித்திருக்கிறோம்!

வரும் வழியில் கேட்டாள்: "அப்பா, அந்தப் பாம்பு நல்லதுதானே? அப்புறம் ஏன் எல்லாரும் பயந்தாங்க?"

நான் யோசிப்பதற்குள் அண்ணன் சொன்னான்: "அதுகிட்ட யாரும் பேசிப் பாக்கல பாப்பா."

மடியில் இருந்த பையன். எப்போது வளர்ந்தான்?