லேண்ட் ரோவர் சீரிஸ் 3 நாட்குறிப்பு: ஹப்புத்தளை, மழைக்காலம்

ஒக்டோபர் 2

முன் இடது வீலை ஜாக்கில் தூக்கி, மேலும் கீழும் கை வைத்து ஆட்டினால் லொட லொட என்கிறது. தம்பியை பிரேக்கை மிதித்துப் பிடிக்கச் சொல்லி மறுபடி ஆட்டினேன். அதே ஆட்டம். அப்படியென்றால் வீல் பேரிங் இல்லை, முன் வீல் இடம் வலம் திரும்ப அச்சாக இருக்கும் ஸ்விவல் பின்தான். பிரேக் பிடித்ததும் ஆட்டம் நின்றிருந்தால் பேரிங்கைச் சந்தேகப்படலாம். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் பேரிங் வாங்கிப் போட்டுவிட்டு, ஆட்டம் போகவில்லை என்று அலைகிற வண்டிகள்தான் இந்தப் பக்கம் அதிகம்.

ஸ்டியரிங்கை வீல்களோடு இணைக்கும் டை ரொட் முனைகள் ஆறையும் பார்த்தாயிற்று. ஸ்டியரிங்கை ஒருவர் சின்னதாக இடமும் வலமும் திருப்பிக்கொண்டிருக்க, மற்றவர் ஒவ்வொரு மூட்டிலும் விரலை வைத்துப் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத ஆட்டம் விரலுக்குத் தெரியும். அவற்றில் டிராக் லிங்க் என்ற கம்பியின் ஒரு முனை மட்டும் தேய்ந்திருக்கிறது.

ஒக்டோபர் 3

தம்பிக்குச் சொன்னதை இங்கேயும் எழுதி வைக்கிறேன். இந்த வண்டியின் ஹேண்ட் பிரேக் வீலைப் பிடிப்பதில்லை. முன் பின் ஆக்சில்களுக்கு ஓட்டத்தைப் பிரிக்கும் ட்ரான்ஸ்பர் பெட்டிக்குப் பின்னால் இருக்கும் ட்ரம் வழியாகப் பின் ஷாப்டைப் பிடிக்கிறது. பின்வீல் ஒன்றைத் தரையிலிருந்து தூக்கினால் ஷாப்ட் நின்றபடியே நிற்கும். ஆனால் தூக்கிய வீல் ஒரு பக்கம் சுற்ற, தரையில் உள்ள வீல் மறுபக்கம் உருளும். வண்டி ஜாக்கிலிருந்து இறங்கிவிடும். ஹேண்ட் பிரேக் எவ்வளவு நன்றாக இருந்தாலும் இதுதான் நடக்கும். இரண்டு பக்கமும் கட்டை வைக்காமல் பின்பக்கத்தைத் தூக்கவே கூடாது. நம் முற்றமோ சரிவு.

ஒக்டோபர் 5

இடது பக்கத்தை முழுக்கக் கழற்றியாயிற்று. முதலில் ஸ்விவலின் (ஆக்சில் முனை உருண்டையைச் சுற்றித் திரும்பும் கூடு) அடி பிளக்கைத் திறந்தேன். EP90 கியர் ஒயில் வர வேண்டிய இடத்தில் பால் தேத்தண்ணி நிறத்தில் ஒன்று வழிந்தது. தண்ணீர் உள்ளே போய்ப் பல நாளாகியிருக்கிறது.

கழற்றும் வரிசை: ட்ரம்மைப் பிடித்திருக்கும் மூன்று ஸ்க்ரூ, ட்ரம், பிறகு ஷாப்டின் சுழற்சியை ஹப்புக்குக் கொடுக்கும் டிரைவ் மெம்பர், அதற்குள் லொக் தகட்டோடு இரண்டு ஹப் நட். அதற்கு 52 மி.மீ. பெட்டி ஸ்பானர் வேண்டும். உளியை வைத்துத் தட்டிக் கழற்றுகிறவர்கள் உண்டு. நட்டின் முனை மழுங்கிவிட்டால் அடுத்த முறை சரியான அளவுக்கு இறுக்கவே முடியாது, அதனால் உளி வேண்டாம். ஹப் வந்ததும் பிரேக் பின்தகட்டை ஹோஸோடு சேர்த்துக் கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டித் தொங்கவிட வேண்டும். ஹோஸில் பாரம் விழக் கூடாது. அதன்பின் ஸ்டப் ஆக்சில், ஹாஃப் ஷாப்ட், கடைசியாக உருண்டையோடு முழு ஸ்விவல்.

உருண்டையின் குரோம் உரிந்திருக்கிறது. அதுவும் நேர் ஓட்டத்தில் சீலின் உதடு உட்காரும் அதே கோட்டில். நகத்தால் வருடினால் நகம் மாட்டுகிறது. ஊசிமுனை அளவுக் குழிகள் என்றால் எபொக்சி பூசி 600 நம்பர் தண்ணிப் பேப்பரில் தேய்த்துச் சமாளிக்கலாம், சில வருடம் ஓடும். இப்படி ஏடாக உரிந்ததற்குப் புது சீல் போடுவது வீண். அடுத்த மழைக்குள் சீல் கிழிந்துவிடும்.

மேல் பின்னைத் தாங்கும் ரெய்ல்கோ புஷ் இரண்டாகப் பிளந்திருந்தது. ஆட்டம் முழுவதும் அங்கேதான். கீழே உள்ள டேப்பர் பேரிங் துருப்பிடித்துக் கடகடக்கிறது.

தேவை: உருண்டை, மேல் பின், ரெய்ல்கோ புஷ், கீழ் பேரிங், சீல், சீல் வளையம், கேஸ்கட், ஷிம் (இடைவெளி சரிசெய்யும் மெல்லிய தகடு) ஒரு செட்.

ஒக்டோபர் 6

கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைக்குப் பேசினேன். வரும் என்றார்கள்.

ஒக்டோபர் 9

சுத்தியலோடு செசிக்கு (வண்டியின் அடிச் சட்டம்) அடியில். நல்ல இரும்பு கணீரென்று கேட்கும், செத்த இரும்பு பொத்தென்று கேட்கும். முன் கொம்புகள் நன்றாக இருக்கின்றன. பின் குறுக்குச் சட்டத்தின் அடி மட்டும் மெலிந்திருக்கிறது, இந்த வருடத்துக்குத் தாங்கும். வலது டாங்க் அவுட்ரிகர், அதாவது பெற்றோல் டாங்கைத் தாங்கச் செசியிலிருந்து நீளும் சட்டம், போய்விட்டது. ஸ்க்ரூ டிரைவர் கைப்பிடி வரை உள்ளே போகிறது.

இது ஏன் எப்போதும் உள்ளிருந்தே அரிக்கிறது என்றால், பெட்டி வடிவச் செசிக்குள் சேறு போய்ப் படிகிறது, தண்ணீர் வடிய வேண்டிய துளைகள் அடைபடுகின்றன, சேறு மாதக்கணக்கில் ஈரமாகவே கிடக்கிறது. வெளியே கருப்புப் பெயின்ட் பளபளவென்று இருக்கும். தேயிலைத் தோட்டத்து ரோட்டுச் சேறு இந்த வேலையை இன்னும் சீக்கிரம் செய்கிறது. வருடத்துக்கு ஒருமுறை கம்பி விட்டுத் துளைகளைத் திறந்தாலே பாதிச் செசிகள் பிழைத்திருக்கும்.

வெல்டிங்குக்கு முன் பெற்றோல் டாங்கை இறக்கி, வீட்டுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் வைத்தாயிற்று. டாங்க் காலியாக இருந்தாலும் ஆபத்துக் குறையாது, உள்ளே நிற்கும் ஆவிதான் வெடிக்கும். பெட்டரியின் இரண்டு முனையும் கழற்றியாயிற்று, ஒல்ட்டர்னேட்டர் வயரும் கழற்றியாயிற்று. சீட் பெட்டிக்கு அடியில் ஓடும் பிரேக் பைப்பை மறக்கக் கூடாது.

இனி காய்ந்த ஒரு நாள் வேண்டும்.

ஒக்டோபர் 10

மழை.

ஒக்டோபர் 12

அண்ணன் மறுபடி கேட்டார், ஸ்பிரிங் எப்போது என்று. பராபொலிக் ஸ்பிரிங் பெட்டி மூலையில் இருக்கிறது, பார்க்கிற எல்லோருக்கும் அதன் மேல்தான் கண்.

எனக்கும் ஆசைதான். பழைய ஸ்பிரிங்கில் பட்டைகள் ஒன்றின் மேல் ஒன்று அழுந்திக் கிடக்கின்றன. இடையில் துரு ஏறி ஊதி, பட்டைகள் நகராமல் இறுகிவிட்டன. குழியில் விழுந்தால் ஸ்பிரிங் வேலை செய்வதே இல்லை, அடி நேராக முதுகுக்கு வருகிறது. பராபொலிக்கில் பட்டை குறைவு. ஒவ்வொன்றும் நடுவில் தடித்து முனைக்குப் போகப் போக மெலியும். நடுவிலும் முனையிலும் தவிர ஒன்றையொன்று தொடாது, அதனால் உராய்வு மிகக் குறைவு. ஆனால் அந்த உராய்வுதான் இவ்வளவு நாளும் துள்ளலைப் பாதி அடக்கிக்கொண்டிருந்தது. பராபொலிக் போட்டுவிட்டுப் பழைய ஷொக் அப்சோர்பரை விட்டால் வண்டி படகாக ஆடும். இரண்டும் சேர்ந்தே மாற வேண்டும்.

ஸ்விவலில் ஆட்டம் இருக்கும்போது எந்த ஸ்பிரிங்கைப் போட்டாலும் ஸ்டியரிங் உதறல் நிற்காது. ஓட்டை அவுட்ரிகரோடு புது ஸ்பிரிங் பூட்டி ரோட்டில் விடுவது எனக்குச் சம்மதமில்லை. முதலில் செசி, பிறகு ஸ்டியரிங், பிறகு பிரேக், அதன் பிறகுதான் அந்தப் பெட்டி. முடிக்க நினைத்த 17ஆம் திகதிக்குள் முடியாவிட்டாலும் இந்த வரிசை மாறாது.

ஒக்டோபர் 14

சாமான் வரவில்லை. சும்மா இருக்க முடியாமல் டெப்பட், அதாவது வால்வு இடைவெளி, பார்த்தேன். 2286 சி.சி. பெற்றோல் எஞ்சின், எட்டு வால்வுக்கும் ஒரே அளவு, 0.25 மி.மீ. ஒன்பதுக் கணக்குத் தெரிந்தால் குழப்பமே இல்லை: 8ஆம் வால்வு முழுக்கத் திறந்திருக்கும்போது 1ஐச் சரிசெய்ய வேண்டும், 6 திறந்திருந்தால் 3, 4 திறந்திருந்தால் 5, 7 திறந்திருந்தால் 2. பிறகு அதையே திருப்பிப் போட்டால் மீதி நாலும் முடியும். கூட்டினால் எப்போதும் ஒன்பது. இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் தகடு லேசான பிடிப்போடு வழுக்கி வர வேண்டும். லொக் நட்டை இறுக்கும்போது அளவு நகரும், இறுக்கிய பின் ஒருமுறை மறுபடி நுழைத்துப் பார்க்க வேண்டும்.

டிஸ்ட்ரிபியூட்டரின் பொயின்ட் இடைவெளி 0.35க்கும் 0.40 மி.மீ.க்கும் நடுவில் வைத்தேன். எஞ்சின் இப்போது ஐடிலில் அசையாமல் நிற்கிறது. கேட்கச் சந்தோஷமாக இருந்தது.

ஒக்டோபர் 16

பஸ்ஸில் போட்டுவிட்டோம் என்கிறார்கள். எந்த பஸ் என்று சொல்லத் தெரியவில்லை.

ஒக்டோபர் 17

முடிக்க நினைத்த நாள் போயிற்று.

ஒக்டோபர் 19

வந்தது! உருண்டை நல்ல சாமான், குரோம் தடிப்பாக இருக்கிறது. கூட வந்த சீல் மட்டும் கல்லாக இருந்தது, உதட்டை மடக்கினால் வெடிப்புத் தெரிகிறது. அதை ஒதுக்கிவிட்டுப் பண்டாரவளையில் வேறு வாங்கினேன்.

பூட்டும்போது இரண்டு விஷயம்.

ஒன்று, சீலையும் அதன் வளையத்தையும் உருண்டையின் பின்பக்கம் மாட்டிய பிறகே உருண்டையை ஆக்சிலில் பூட்ட வேண்டும். உருண்டை ஆக்சிலில் ஏறிவிட்டால் சீல் நுழைய வழியில்லை.

இரண்டு, ப்ரீலோட், அதாவது ஸ்விவல் எவ்வளவு இறுக்கமாகத் திரும்ப வேண்டும் என்பது. மேல் பின்னுக்கு அடியில் ஷிம் இருக்கிறது. ஷிம்மைக் குறைத்தால் இறுகும், கூட்டினால் தளரும். சீல் பூட்டாமல், டை ரொட் மாட்டும் கண்ணில் ஸ்பிரிங் தராசைக் கொளுவி இழுக்க வேண்டும். அசையத் தொடங்கிய பிறகு தராசு 6.3 கிலோவுக்கும் 7.3 கிலோவுக்கும் இடையில் காட்ட வேண்டும். மீன் நிறுக்கும் தராசு போதும். தளர்வாக விட்டால் வேகமெடுத்ததும் ஒரு குழியில் இறங்கினாலே முன் வீல் இரண்டும் உதறத் தொடங்கும். அதிகம் இறுக்கினால் வளைவில் திருப்பிய ஸ்டியரிங் தானாகத் திரும்பாது. ரெய்ல்கோ புஷ்ஷின் உராய்வே இங்கே டாம்பர் வேலையையும் பார்க்கிறது, அதனால்தான் இந்த எண்ணை விட்டுக்கொடுக்கக் கூடாது. 6.8இல் நிற்கிறது.

சீலின் உதட்டுக்குள் கிரீஸ் நிரப்பினேன். உள்ளே EP90 அரை லீட்டர்.

ஹப் பேரிங்கில் எண்ட் ஃப்ளோட் (ஹப் உள்ளும் வெளியும் நகரும் அளவு) 0.10 முதல் 0.15 மி.மீ. ஹப்பைச் சுற்றிக்கொண்டே உள் நட்டை இறுக்கி, பிறகு தளர்த்தி, டயல் கேஜில் பார்த்தேன். வெளி நட்டை இறுக்கியதும் அளவு குறைகிறது. கடைசி அளவு அதுதான், முதல் நட்டோடு எடுத்த அளவு கணக்கில் இல்லை.

ஒக்டோபர் 20

இடது வீலை மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தேன். அசையவில்லை. இரவு சாப்பிட்டுவிட்டு டோர்ச் எடுத்துப் போய் மறுபடி ஆட்டிப் பார்த்தேன்.

ஒக்டோபர் 24

வெயில். காலை ஆறரைக்கே கிரைண்டர்.

வெட்டுவதற்கு முன் கதவு இடைவெளியை மேலும் கீழும் அளந்து சுவரில் எழுதினேன். சட்டம் இழுத்துக்கொண்டால் முதலில் கதவுதான் காட்டும். துருவை வெட்டிக்கொண்டே போய், மினுங்கும் இரும்பு வரும் இடத்தில்தான் நிறுத்த வேண்டும். மெலிந்த இரும்பில் வெல்ட் வைத்தால் ஓரம் உருகி ஓட்டை பெரிதாகும். செசித் தகடு 2 மி.மீ.தான், அதனால் ஒட்டுத் தகடும் 2 மி.மீ. தடிப்பாக இருந்தால் பலம் என்று 5 மி.மீ. வைக்கிறார்கள், அது குளிர்ந்து கிடக்கும்போதே பக்கத்து மெல்லிய தகடு எரிந்துவிடும்.

2.5 மி.மீ. ராட், 75 அம்பியர். ஒரு அங்குலம் இங்கே, ஒரு அங்குலம் எதிர்ப்பக்கம், ஆறவிட்டு அடுத்தது. ஒரே இழுப்பாக ஓட்டினால் சட்டம் வளையும். ஒட்டுத் தகட்டை ஓரத்தின் மேல் ஓரம் ஏற்றி ஒட்டாமல், வெட்டிய வாயில் பொருத்தி வெல்ட் செய்ததால் தண்ணீர் தேங்க மடிப்பு இல்லை. சிங்க் பிரைமர், அதன் மேல் கருப்பு. உள்ளுக்குக் குழாய் விட்டு மெழுகு ஒயில் பீச்சினேன். அடியில் வடிகால் துளை புதிதாக ஒன்று.

கதவு இடைவெளி சுவரில் எழுதிய அதே அளவு.

மூன்று மணிக்கு மழை வந்தது. வரட்டும்.

ஒக்டோபர் 26

ட்ரான்ஸ்பர் பெட்டியின் பின் சீல் ஒழுகி ஹேண்ட் பிரேக் ஷூ ஒயிலில் ஊறிக் கிடக்கிறது. ஷூவைப் பெற்றோலில் கழுவினால் பிடிக்கும் என்பது இரண்டு நாளைக்குத்தான். லைனிங் உறிஞ்சியது சூட்டில் மறுபடி வெளியே வரும். சீலும் புது, லைனிங்கும் புது.

ஒக்டோபர் 29

பிரேக். என்னுடைய 88 அங்குல வீல்பேஸ் (முன் பின் ஆக்சில்களின் இடைத்தூரம்) வண்டிக்கு வந்த 10 அங்குல ட்ரம்மை எடுத்துவிட்டு முன்பக்கம் 109 அங்குல வண்டியின் 11 அங்குல ட்ரம். பின்தகடு, ஷூ, சிலிண்டர், ட்ரம் எல்லாம் ஒரு செட்டாக மாற வேண்டும். இந்த வண்டிக்குச் செய்யக்கூடிய முன்னேற்றங்களில் இதற்குத்தான் முதல் இடம் கொடுப்பேன். ஹப்புத்தளையிலிருந்து பெரகலைக்கு இறங்கும் ரோட்டைத் தெரிந்தவர்களுக்கு ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை.

11 அங்குலத்தில் ஒரு வீலுக்கு இரண்டு சிலிண்டர், இரண்டு ஷூவும் லீடிங். முன்னோக்கிப் போகும்போது ட்ரம்மின் சுழற்சியே இரண்டு ஷூவையும் ட்ரம்மோடு இழுத்து இறுக்கும். இடதுக்கும் வலதுக்கும் பின்தகடு வேறு. மாற்றிப் பூட்டினால் இரண்டும் ட்ரெய்லிங் ஆகி, சுழற்சி ஷூவைத் தள்ளிவிடும், எவ்வளவு மிதித்தாலும் பிடிப்புக் குறைவாகவே இருக்கும். சரியாகப் பூட்டியிருந்தாலும் ரிவர்ஸில் பிடிப்புக் குறைவுதான். ஏற்றத்தில் நின்று பின்னுக்கு உருளும்போது பின் பிரேக்கும் ஹேண்ட் பிரேக்கும் நல்ல நிலையில் இருக்க வேண்டும்.

மாஸ்டர் சிலிண்டரும் பெரிய விட்டமுள்ளது வேண்டும். நாலு முன் சிலிண்டரையும் பழைய சின்ன மாஸ்டர் நிரப்ப வேண்டுமென்றால் பெடல் தரை வரை போகும்.

நவம்பர் 1

பிரேக் பைப்பிலிருந்து காற்று போகவில்லை. இரண்டு சிலிண்டரையும் இணைக்கும் சின்னப் பைப்பில்தான் குமிழி நிற்கிறது. ட்ரம்மைக் கழற்றி, இரண்டு பிஸ்டனையும் உள்ளே தள்ளி ஜி கிளாம்ப் போட்டு, பிறகு ப்ளீட் செய்து காற்றை வெளியேற்றினேன். சிலிண்டருக்குள் இடம் குறைந்தால் காற்று நிற்கவும் இடம் குறைவு. வந்துவிட்டது, இடது வலது இரண்டிலும் சுத்தமான பிரேக் ஒயில். வண்டியில் சிந்தியதை உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும், பெயின்டைத் தின்றுவிடும்.

நவம்பர் 2

முதல் மிதியில் பெடல் பாதிக்குக் கீழே போகிறது. விட்டு உடனே மிதித்தால் மேலேயே கெட்டியாக நிற்கிறது. இது காற்று இல்லை. காற்று என்றால் எத்தனை மிதித்தாலும் பஞ்சாகத்தான் இருக்கும். இது ஷூவுக்கும் ட்ரம்முக்கும் இடைவெளி அதிகம்.

முன்பக்கம் ஒவ்வொரு ஷூவுக்கும் தனி அட்ஜஸ்டர். வீல் சுற்றாமல் பிடிக்கும் வரை திருப்பி, பிறகு உரசல் நிற்கும் வரை மட்டும் தளர்த்த வேண்டும். பெடலை ஓங்கி மிதித்தால் ஷூ நடுவில் உட்காரும், அதன்பின் இன்னொரு முறை. முன்பக்கம் முடிந்தது, பெடல் கொஞ்சம் ஏறியிருக்கிறது. மீதி பின்பக்கம்.

நவம்பர் 3

வலது பின் அட்ஜஸ்டர் துருவில் இறுகியிருக்கிறது. டீசலும் கியர் ஒயிலும் கலந்து இரவே ஊற்றி வைத்தேன். பலம் போட்டால் தலை முறியும், முறிந்தால் பின்தகடே மாற வேண்டும். ஹப்பைக் கழற்றி ஷூவை எடுத்துவிட்டு, உள்பக்கமிருந்து சூடு காட்டிப் பார்க்கிறேன்.