அக்காவின் பொட்டும் என் 58 விநாடியும்

1998இல் நான் பதிவு செய்த ஓட்டத்தைப் போன மாதம் நானே முறியடித்தேன். டூம் என்ற பழைய கணினிச் சுடும் ஆட்டத்தின் முதல் மேப், அதாவது முதல் கட்டம். அல்ட்ரா வயலன்ஸ் என்ற கடின நிலையில், ஒரு பூதம் விடாமல் கொன்று, எல்லா ரகசிய இடங்களுக்குள்ளும் போய் வந்து முடிக்க வேண்டும். அப்போது 58 விநாடி, இப்போது 55. இதையே தொழிலாகச் செய்பவர்கள் பார்த்தால் சிரிப்பார்கள். இருக்கட்டும், 47 வயதுக்கு இது போதும்.

சந்தோஷத்தில் பதிவை அக்கா மகன் கதிருக்கு அனுப்பினேன். பாராட்டு வரும் என்று பார்த்தால் கேள்வி வந்தது. "மாமா, எந்த எஞ்சின்ல ஆடுனீங்க?"

கிரிஸ்பி டூம் என்றேன், பழைய டூமை இன்றைய கணினியில் ஓட்டும் நிரல்களில் ஒன்று. "அப்ப அதுவும் இதுவும் ஒண்ணா?" என்று எழுதிவிட்டு ஒரு சிரிப்புப் படம் போட்டான். ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் புளோக்குக்குக் கீழே இருக்கும் காப்பிக் கடையில் இரண்டு மணி நேரம் இதே பேச்சுத்தான். தே தாரிக் ஆறிப்போய் ஆடை படிந்துவிட்டது.

விஷயம் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம். 1993இல் வந்த டூமில் ஓட்டத்தைப் பதியும் கோப்புக்கு டெமோ என்று பெயர், அது வீடியோ அல்ல. ஆட்டம் விநாடிக்கு 35 'டிக்' என்ற கணக்கில் ஓடும். ஒவ்வொரு டிக்குக்கும் கோப்பில் நான்கே பைட்: முன்பின் நகர்வு, பக்கவாட்டு நகர்வு, திரும்பிய அளவு, அழுத்திய பொத்தான்கள். அவ்வளவுதான். எந்தப் பூதம் எங்கே நின்றது, எந்தக் குண்டு யார்மேல் பட்டது என்று ஒரு வரிகூட அதில் கிடையாது. ஆட்டத்தின் 'அதிர்ஷ்டம்' 256 எண்கள் கொண்ட மாறாத ஒரு பட்டியலிலிருந்து வருவதால், அதே விசைகளை அதே டிக்குகளில் கொடுத்தால் அதே ஆட்டம் அப்படியே திரும்ப நடக்கும். என் 58 விநாடி ஓட்டம் முழுதும் சுமார் 8 கிலோபைட். இன்றைக்கு வாட்ஸப்பில் வரும் காலை வணக்கப் பூப்படம் அதைவிடப் பல மடங்கு பெரியது.

இதில்தான் சிக்கல். என் விரல்கள் என்ன செய்தன என்பது கோப்பில் இருக்கிறது. என் கண் என்ன பார்த்தது என்பது இல்லை.

ஐடி சாஃப்ட்வேர் 1997 இறுதியில் டூமின் மூல நிரலை வெளியிட்டது. அதை வைத்து மற்றவர்கள் எழுதிய போர்ட்டுகள், அதாவது ஆட்டத்தை ஓட்டும் மாற்று நிரல்கள், ஒன்றா இரண்டா. பழைய ஆட்டம் 320க்கு 200 புள்ளிகளில், 35 ஃபிரேமுக்கு மேல் போகாமல் காட்டும். கிரிஸ்பியில் அகலத்திரை உண்டு, புள்ளிகள் கூடுதல், ஒரு டிக்குக்கும் அடுத்ததுக்கும் நடுவே ஃபிரேம்களை நிரப்பிக் காட்சியை வழவழவென்று ஆக்கும் வசதியும் உண்டு. ஆட்டத்தின் கணக்கு மட்டும் அதே 35 டிக்தான். அதனால் கிரிஸ்பியில் பதிந்த டெமோவைப் டாஸ் இயங்குதளத்தில் ஓடும் பழைய டூமில் ஓட்டினாலும் பிசகாமல் ஓடும். பார்ப்பவருக்கு வித்தியாசமே தெரியாது.

சில கள்ளத்தனங்கள் கோப்பிலேயே மாட்டிக்கொள்ளும் என்பதையும் சொல்ல வேண்டும். டூமில் ஓடும்போது முன்னோக்கி வேகம் 50, பக்கவாட்டில் 40. திரும்புவதைப் பக்கவாட்டு நகர்வாக மாற்றும் ஸ்ட்ரேஃப் பொத்தானோடு திரும்பும் விசையையும் பக்கவாட்டு விசையையும் சேர்த்துப் பிடித்தால் பக்கவாட்டு எண்ணும் 50க்கு ஏறும். எஸ்ஆர்50 என்பார்கள். மூலைவாட்டில் நேர் ஓட்டத்தைப்போல 1.41 மடங்கு வேகம். ஆனால் ஸ்ட்ரேஃப் பொத்தானைப் பிடித்திருக்கும் வரை அசல் ஆட்டத்தில் திரும்ப முடியாது, மவுஸை அசைத்தாலும் பக்கவாட்டில்தான் நகரும். ஆகவே ஒரே டிக்கில் பக்கவாட்டு பைட்டில் 50ம், திருப்ப பைட்டில் பூஜ்யமல்லாத எண்ணும் இருந்தால் முடிந்தது கதை. எந்த எஞ்சின் உதவியது என்று தேட வேண்டாம், நான்கு பைட்டே சாட்சி. இந்த அழகுக்காகவே இந்தக் கோப்பு வடிவத்தின் மேல் எனக்கு ஒரு மோகம். ஐடியின் இன்னொரு ஆட்டமான குவேக்கின் டெமோ, சர்வர் அனுப்பிய செய்திகளைப் பதிந்துவைக்கும். அதில் இந்தச் சுவாரசியம் இல்லை.

சரி, கதிரின் புகாருக்கு வருவோம். அகலத்திரையை அவன் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வழவழப்பையும் விட்டுவிட்டான். பிடித்துக்கொண்டது கிராஸ்ஹேரை, திரை நடுவே தெரியும் குறிப்புள்ளியை.

முதல் மேப்பில் பச்சை அமிலத்துக்கு நடுவே நெளிந்து போகும் பாதை ஒன்று உண்டு. அந்த அறைக்கு எதிர்மேடையில் இம்ப் என்ற பூதம் நின்றுகொண்டு தீப்பந்து எறியும். பழைய திரையில் அது பழுப்புச் சுவரில் நாலைந்து பழுப்புப் புள்ளிகள், அவ்வளவுதான். மேலே கீழே குறி பார்க்கும் வேலையை டூம் தானே செய்துவிடும், இடம் வலம் மட்டும் நம் பொறுப்பு. அந்த நேர்க்கோட்டில் இம்ப் சிக்கியதா இல்லையா என்பது அசலில் ஊகம்தான். கிரிஸ்பியில் ஒரு அமைப்பை இயக்கினால், எதிரி கோட்டுக்குள் வந்த கணமே கிராஸ்ஹேர் நிறம் மாறும். நான் அதை இயக்கியிருந்தேன். நிறம் மாறியது, சுட்டேன், விழுந்தது. நின்று பார்க்கவே இல்லை.

"அது நீங்க குறி பாக்கல மாமா. அதுவா சொல்லுது, நீங்க கேக்குறீங்க."

எனக்குச் சுருக்கென்றது. வேறு வழியில்லாமல் ராணுவத்தில் செய்த தேசிய சேவைக்குத் தாவினேன். எங்கள் காலத்தில் எம்16, இரும்புக் குறி. நான் மார்க்ஸ்மேன் (நல்ல குறிக்காரன்) பேட்ஜ் வாங்கியது அதில். இவனுக்குக் கிடைத்தது சார் 21, தூக்கும் கைப்பிடியிலேயே 1.5 மடங்கு ஸ்கோப் பதித்த துப்பாக்கி. இவனும் மார்க்ஸ்மேன்தான். "உன் பேட்ஜை யாராவது திருப்பிக் கேட்டாங்களா?" என்றேன்.

"எல்லாருக்கும் அதே துப்பாக்கி மாமா. ஒரே சுடும் வரிசையில பாதிப் பேருக்கு எம்16ம் பாதிப் பேருக்கு சார் 21ம் குடுத்தா ஒத்துக்குவீங்களா?"

பிள்ளை வளர்ந்துவிட்டான்.

அப்போதுதான் வாய் தவறி உளறினேன். டாஸ் காலத்தில் டூமில் கிராஸ்ஹேரே கிடையாது. சிம் லிம் ஸ்குவேரில் அப்பா வாங்கித் தந்த 486 கணினி, 14 அங்குல மானிட்டர். அதன் கண்ணாடியில் நட்ட நடுவே ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டி வைத்திருந்தேன். அக்கா தேக்காவில் வாங்கும் பாக்கெட்டிலிருந்து எடுத்தது, கறுப்பு, இருப்பதிலேயே சின்ன அளவு. அடிமட்டம் வைத்து அளந்து ஒட்டினேன். ஆட்டத்தின் அடிப்பட்டையைக் கழித்துவிட்டுத்தான் நடுவைப் பார்க்க வேண்டும். மூன்று பொட்டு வீணான பிறகே சரியாக உட்கார்ந்தது. 58 விநாடி ஓட்டம் அந்தப் பொட்டோடு ஆடியதுதான்.

கதிர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டான். "அப்ப அதுவும் கள்ளம்தான?"

பொட்டு நிறம் மாறாது என்று வாதாடிப் பார்த்தேன். என் கட்சி இன்றும் அதுதான்: மாறாமல் கிடக்கும் புள்ளி வேறு, எதிரி சிக்கினால் சொல்லிக் கொடுக்கும் புள்ளி வேறு. முன்னது கண்ணுக்கு உதவி, பின்னது கண்ணின் வேலையையே பிடுங்கிக்கொள்வது. வேக ஓட்டக்காரர்கள் பலர் இன்று ஆடும் டிஎஸ்டிஏ டூம் என்ற போர்ட்டில், சில உதவிகளைத் தடுக்கும் 'ஸ்டிரிக்ட் மோட்' என்று ஒன்று வைத்திருப்பதும் இப்படிப்பட்ட கோடு ஒன்றைக் கிழிக்கத்தானே.

அவன் போன பிறகும் மனம் ஆறவில்லை. சாக்லேட் டூமை இறக்கினேன். அது அசலை அதன் குறைகளோடு அப்படியே காப்பாற்றும் போர்ட், கிரிஸ்பிக்கே அதுதான் தாய். 320க்கு 200, 35 ஃபிரேம், கிராஸ்ஹேர் கிடையாது. இரண்டு சனிக்கிழமை இரவு உட்கார்ந்தேன். முதல் பத்து ஓட்டத்தில் கண் வலித்தது. பிறகு பழகிவிட்டது, விட்ட சைக்கிளைத் திரும்ப ஓட்டுவதுபோல. 57 விநாடி வந்தது.

ஆக, நிறம் மாறும் கிராஸ்ஹேர் இரண்டு விநாடி தந்ததா? அப்படித்தான் முதலில் நினைத்தேன். டெமோக்களைப் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டிப் பார்த்ததில், இம்ப் விழும் இடத்தில் அரை விநாடிகூட வித்தியாசம் இல்லை. மிச்சமெல்லாம் கதவு, திருப்பம், ரகசியப் பாதை. அங்கெல்லாம் கிராஸ்ஹேருக்கு வேலையே இல்லை.

இரண்டாவது சனிக்கிழமை நடுநிசியில்தான் பொறி தட்டியது. சாக்லேட்டில் ஓட்டம் சொதப்பினால், க்யூ அழுத்திப் பதிவை முடித்து, ஆட்டத்தை விட்டு வெளியே வந்து, ரெக்கார்ட், வார்ப், ஸ்கில் என்று கட்டளையை மறுபடி ஓட்டி உள்ளே போக வேண்டும். டாஸிலும் இதேதான், கூடவே 486 மெதுவாக ஏற்றும் அழகு வேறு. கிரிஸ்பியில் ஒரே விசை. அழுத்தினால் மேப்பும் பதிவும் முதலிலிருந்து தொடங்கும். முதல் கதவில் தோள் இடித்ததா, அழுத்து. ஷாட்கன் ஒரு டிக் தாமதமா, அழுத்து. 55 விநாடி வருவதற்கு முன் எத்தனை முறை அழுத்தினேன் என்று எண்ணவில்லை, மூன்று மாலை முழுக்க அழுத்தினேன். சாக்லேட்டில் இரண்டு இரவிலும் சேர்த்து 60 ஓட்டத்தைத் தாண்டவில்லை.

1998இல் முகாமிலிருந்து சனிக்கிழமை வெளியே வந்தால் ஞாயிறு இரவு திரும்பிவிட வேண்டும். அதற்குள் அம்மா சமையல், தூக்கம், கோயில். எத்தனை ஓட்டம் கிடைத்திருக்கும்? கிராஸ்ஹேரைப் பற்றி இரண்டு மணி நேரம் சண்டை போட்டோமே, இந்த விசையை இருவருமே நினைக்கவில்லை. கதிரிடம் சொன்னால், "அது கள்ளமில்ல மாமா, பயிற்சி" என்கிறான். எனக்கோ அதுதான் பெரிய துப்பாக்கியாகத் தெரிகிறது. ஆனாலும் அதை அணைத்து வைக்க மனம் வரவில்லை. அந்த வயதில் எனக்கு இடுப்பு வலி இல்லை, இப்போது இருக்கிறது.

டெமோவோடு ஒரு உரைக் கோப்பும் வைப்பது பழைய வழக்கம்: மேப், நேரம், எந்த எஞ்சின். 55 விநாடி ஓட்டத்தின் கோப்பில் கிரிஸ்பி, அகலத்திரை, நிறம் மாறும் கிராஸ்ஹேர், மறுதொடக்க விசை என்று எல்லாம் எழுதினேன். கையோடு 58 விநாடியின் கோப்பையும் திறந்து கடைசி வரியாகச் சேர்த்தேன்: 'திரையில் ஸ்டிக்கர் பொட்டு, கறுப்பு, ஒன்று.'

இதைக் கதிர் வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறான். இரவு பத்து மணிக்கு அக்காவிடமிருந்து அழைப்பு.

"ஏன்டா, அந்தப் பாக்கெட்ட எடுத்தது நீதானா? சித்தி மக மேல சந்தேகப்பட்டு அவகிட்ட எத்தனை நாள் பேசாம இருந்தேன் தெரியுமா?"