ஆறு மணி நேரக் கோடை

எச்டி 80606 பி என்றொரு கிரகம், பெருங்கரடி விண்மீன் கூட்டத்தில். 2001-இல் கண்டுபிடித்தார்கள். பருமனில் கிட்டத்தட்ட வியாழன்தான், நிறையோ அதைப்போல 4 மடங்கு. ஆண்டுக்கு 111 நாட்கள்.

கூத்தெல்லாம் அதன் பாதையில்தான். தன் சூரியனை விட்டு 13 கோடி கி.மீ. தள்ளிப்போய்ச் சாவகாசமாகத் திரியும். அப்புறம் 45 லட்சம் கி.மீ. வரை பாய்ந்து வரும். அப்போது ஆறே மணி நேரத்தில் வெப்பம் 500 டிகிரி சொச்சத்திலிருந்து 1200 டிகிரி செல்சியஸைத் தாண்டியதை ஸ்பிட்சர் தொலைநோக்கி அளந்திருக்கிறது. வந்து விழும் வெளிச்சமோ 800 மடங்குக்கு மேல் கூடும்!

சரி, இதுவரை நிஜம். இனி என் சரடு.

கால் ஊன்றத் தரை இல்லாத வாயுக் கிரகம். ஆகவே குடிமக்கள் மேகத்தில் மிதப்பவர்கள். கோடை நெருங்கினால் மூட்டை முடிச்சோடு இருட்டுப் பக்கத்துக்கு ஓட்டம். நூறு வயதுக் கிழவிகள் (நம் கணக்கில் முப்பதுதான்) மட்டும் அசரமாட்டார்கள். "இதெல்லாம் ஒரு வெயிலா? போன வருஷம் அடித்தது பார்…"

அந்தச் சூரியனுக்கு ஒரு ஜோடிச் சூரியனும் உண்டு. இது மறுபடியும் நிஜம். அங்கே குடிபோகலாம் என்று இளசுகள் ஒவ்வொரு கோடையிலும் மனு கொடுப்பார்கள். கிழவிகள் கையெழுத்துப் போடமாட்டார்கள்.