120 கிலோ ஆச்சியும் நுரையீரல் அடைப்பும்: வளவிலிருந்து வார்டு வரை

செட்டிநாட்டு வீட்டில் நோயாளியை வெளியே கொண்டுவருவதே பாதி வேலை. பின்பக்க இரண்டாம்கட்டிலிருந்து, நடு முற்றமுள்ள வளவு, வாசல்பக்க முகப்பு தாண்டி, தெருப் படிகளையும் இறங்கியாக வேண்டும். திடீரென்று மூச்சு வாங்கும் ஆச்சி "நானே நடந்து வாரேன்" என்பார். நடக்க விடாதீர்கள். காலில் உறைந்த ரத்தக்கட்டி நுரையீரல் ரத்தக்குழாயை அடைத்திருந்தால் வலப்பக்க இதயம் ஏற்கெனவே திணறிக்கொண்டிருக்கும். படி இறங்கும் அந்தக் கொஞ்ச உழைப்பே மயக்கத்தில் தள்ளிவிடும். நாற்காலியில் உட்காரவைத்து நாலு பேர் தூக்குங்கள். 108-ஐக் கூப்பிடும்போதே எடையையும் சொல்லிவிடுங்கள்.

அவசரப் பிரிவில் முதல் கோட்டை விடுவது பி.பி. பார்க்கும்போதுதான். கனத்த கையில் சாதாரணப் பட்டையைச் சுற்றினால் அழுத்தம் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். மேல் அழுத்தம் 90-க்குக் கீழே இறங்கியிருப்பதுதான் இந்த நோயில் பெரிய அபாய அறிகுறி. உண்மையில் 86 இருப்பவருக்கு 100 என்று காட்டினால் ஐ.சி.யூ.வுக்குப் போக வேண்டியவர் சாதாரண வார்டில் கிடப்பார். கைச் சுற்றளவு 35 சென்டிமீட்டரைத் தொட்டால் பெரிய பட்டை கேளுங்கள். இதயத்தின் திணறலைக் காட்டும் பி.என்.பி. ரத்தப் பரிசோதனையும் அப்படித்தான்: பருமனானவர்களுக்கு இயல்பாகவே குறைவாக வரும், அதை நம்பி நிம்மதி அடையக் கூடாது.

சி.டி. ஸ்கேனுக்காக மதுரைக்கோ திருச்சிக்கோ அனுப்புவதாக இருந்தால், மேசை எவ்வளவு எடை தாங்கும், வளையத்துக்குள் தோள் நுழையுமா என்பதைப் போனிலேயே கேட்டுவிட வேண்டும். தொண்ணூறு கிலோமீட்டர் போய்த் திரும்பி வருவதைவிட அந்த ஒரு போன் மேல். ஸ்கேனில் ரத்தக்குழாய் தெரிவதற்காக ஏற்றும் சாய மருந்து வினாடிக்கு நாலைந்து மில்லி வேகத்தில் பாயும். அதனால் முழங்கை மடிப்பில் 18 அல்லது 20 கேஜ் ஊசி வேண்டும். புறங்கையில் சின்ன ஊசியோடு போனால் அங்கே மறுபடி குத்துவார்கள், கனத்த கையில் நாளம் தேடுவதற்கே அரைமணி ஆகும். சந்தேகம் பலமாக இருந்து, ரத்தம் கசியும் ஆபத்தும் இல்லையென்றால் ஸ்கேனுக்குக் காத்திராமலே, ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் ஊசி தொடங்குவதுதான் வழக்கம்.

எல்லாவற்றையும்விட அதிகம் சறுக்குவது அந்த ஹெப்பாரின் ஊசி மருந்தின் அளவில். ஹெப்பாரின் வகையான இனோக்ஸபரின் கிலோவுக்கு 1 மில்லிகிராம், 12 மணி நேரத்துக்கு ஒரு முறை. கணக்கு நிஜ எடையில். 120 கிலோவுக்கு ஒரு வேளைக்கு 120 மில்லிகிராம், அதாவது 60 மில்லிகிராம் சிரிஞ்ச் இரண்டு. கண்ணளவில் "80 கிலோ இருக்கும்" என்று எழுதிவிட்டால் மூன்றில் ஒரு பங்கு மருந்து போகாது, ரத்தக்கட்டி வளரும். பி.எம்.ஐ. (உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு) 40-ஐத் தாண்டியவர்களுக்கும் சிறுநீரகம் மந்தமானவர்களுக்கும் மருத்துவர் அளவை மாற்றுவார். ஆனால் அதற்கும் முதலில் எடை மெஷினில் ஏற்றியாக வேண்டும்.

"குண்டானவர்கள்தான் இதில் பிழைக்கிறார்களாமே?" என்று படித்தவர்களே கேட்கிறார்கள். அமெரிக்க, ஜெர்மன் மருத்துவமனைத் தரவுகளில் பருமனானவர்களின் உள்நோயாளி மரணம் குறைவாக வந்தது நிஜம். ஆனால் ஒல்லியானவர்கள் வரிசையில் புற்றுநோயில் உருகியவர்களும் தள்ளாத வயதினரும் நிறையப் பேர். பருமனானவர்களோ பெரும்பாலும் வயதில் இளையவர்கள். கொழுப்பு காப்பாற்றியது என்று அதற்குப் பொருள் இல்லை. ரத்தக்கட்டி உருவாகும் வாய்ப்பே பருமனால் இரண்டு மூன்று மடங்கு கூடுகிறது. அதோடு சிங்கப்பூரிலிருந்து கால் அசைக்காமல் விமானத்தில் வருவதும் சேர்ந்துகொள்கிறது.

வீட்டுக்கு வந்தபின், ரத்தம் உறையாமல் தடுக்கும் ரிவரோக்ஸபன் மாத்திரை என்றால் 15 மில்லிகிராம் காலை, இரவு இரு வேளை, 21 நாள். பிள்ளையார் நோன்புக்கு 21 நாள் எண்ணுவதுபோல எண்ணிக்கொள்ளலாம். 22-ஆம் நாளிலிருந்து 20 மில்லிகிராம், ஒரே வேளை. அன்றுதான் பலர் பழைய அட்டையையே தொடர்கிறார்கள், அல்லது மருந்து முடிந்தது என்று நிறுத்திவிடுகிறார்கள். குறைந்தது மூன்று மாதம் வேண்டும். சாப்பாட்டோடுதான் போட வேண்டும், வெறும் காபியோடு போட்டால் உடம்பில் சரியாக ஏறாது. 120 கிலோவுக்கு மேல் இருந்தாலும் இதற்கோ, இதே வேலை செய்யும் அபிக்ஸபன் மாத்திரைக்கோ வழக்கமான அளவே போதும். இதே வேலைக்கான டாபிகட்ரான் மட்டும் இந்த எடைக்கு உகந்ததில்லை.

டிஸ்சார்ஜ் சம்மரியை வாங்கும்போது எடை எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் அந்தக் கட்டம் காலியாகத்தான் இருக்கும்.